எஞ்சின் நகரவில்லையா? பிரிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், வீட்டில் தண்டவாளம் போட்டு ஓட்டும் குட்டி மாடல் ரயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். ஓடாத எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது கெட்டுப்போயிருக்காது, அழுக்குப் பிடித்துத்தான் கிடக்கும் என்று. அதற்கு வந்த கேள்விகளுக்கே இந்த முறை முழு இடமும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இங்கே இடிஎஸ் என்ற மின்சார ரயில் வருவதையும் போவதையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு எஞ்சின் மேல் ஆசை வருவது இயற்கை. அந்த ஆசையை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாமல் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தோட்டத்து ஆலையில் பிட்டராக வேலை செய்த அப்பாக்களும் தாத்தாக்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி இந்தக் குட்டி எஞ்சினுக்கும் பொருந்தும்.

கேள்வி: வணக்கம் அங்கிள். நான் படிவம் இரண்டு படிக்கிறேன். ஈப்போவில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடையில் காட்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் மாடல் டீசல் எஞ்சின் ஒன்று வாங்கினேன், 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 'என்' ஸ்கேல் அளவு. தண்டவாளத்தில் வைத்து கரண்ட் கொடுத்தால் முன் விளக்கு எரிகிறது, ஆனால் எஞ்சின் நகரவே இல்லை. அப்பா பிரித்துப் பார் என்கிறார், அம்மா பிரித்தால் திரும்பச் சேர்க்க வராது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இதை எப்படிக் கற்றுக்கொள்வது?
– மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான், எதை முதலில் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரிப்பதற்கு முன்பே அந்த எஞ்சின் உனக்கு ஒரு பெரிய தகவலைச் சொல்லிவிட்டது. விளக்கு எரிகிறது என்றால் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறி, சக்கரத்தை உரசிக்கொண்டிருக்கும் தகட்டைத் தாண்டி, உள்ளே சேசிஸ் என்ற அடிச்சட்டம் வரைக்கும் போய்விட்டது.

நம் ஊர் வழியாகப் போகும் இடிஎஸ் ரயில் தலைக்கு மேல் ஓடும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுத்து, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. உன் எஞ்சினுக்கு மேலே கம்பி கிடையாது, ஒரு தண்டவாளத்தில் வந்து மற்றதில் திரும்புவதுதான் அதன் வழி, அதுவும் அதிகபட்சம் 12 வோல்ட், டிசி. தண்டவாளம், சக்கரம், தகடு, சேசிஸ், மோட்டாரின் பிரஷ் (உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு), கம்யூட்டேட்டர் (அந்தப் பிரஷ் உரசும், அச்சோடு சுற்றும் செம்பு வளையம்), சுருள், அப்புறம் அதே மாதிரி மறுபக்கம். இந்த வரிசையை ஒரு நோட்டில் படமாக வரைந்து வைத்துக்கொள். பழுது பார்ப்பது என்பது கரண்ட் இந்த வழியில் எந்த இடம் வரை வந்தது, எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான். அதைக் கண்டுபிடிக்காமல் பிரிக்கிறவனுக்கு எல்லா பாகமும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும், எல்லாவற்றையும் கழற்றுவான், கடைசியில் முதலில் இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்திருக்கும்.

ஆனால் விளக்கு எரிவதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எல்இடி விளக்குக்கு மிகக் கொஞ்சம் கரண்ட் போதும். சக்கரத்தில் கரி மாதிரி அழுக்குப் படிந்திருந்தாலும் விளக்கு எரியும், மோட்டாருக்குத்தான் போதாது. அதனால் முதல் வேலை சக்கரத்தைத் துடைப்பது. ஃபார்மசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைக்கும், 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், 90க்கு மேல் இருப்பதாகக் கேட்டு வாங்கு. பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து சக்கரத்தின் ஓரம், தண்டவாளத்தைத் தொடும் அந்த மெல்லிய பளபளப்பான பட்டை, அதை மட்டும் துடை. கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் சாமி விளக்கோ கொசுவர்த்தியோ எரியக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. துடைக்கும்போது சக்கரம் சுற்றவில்லையே என்று விரலால் தள்ளாதே. மோட்டாரின் அச்சில் திருகாணி மாதிரி ஒரு வார்ம் கியர் இருக்கிறது, அது கீழே உள்ள பல்சக்கரத்தைச் சுற்றும், ஆனால் பல்சக்கரத்தால் அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. அமைப்பே அப்படி. பலமாகத் தள்ளினால் பிளாஸ்டிக் பல்தான் உடையும்.

துடைத்த பிறகும் நகரவில்லையா? சரி, இப்போது அப்பா பக்கம் வருவோம்.

மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரி. ஸ்க்ரூ விழுந்தால் உருளாது, கண்ணுக்கும் தெரியும். முட்டை அட்டை ஒன்றை எடுத்து குழிகளுக்கு எண் போடு, கழற்றும் வரிசையிலேயே பாகங்கள் அதில் போக வேண்டும். ஒவ்வொன்றைக் கழற்றுவதற்கு முன்னும் கைப்பேசியில் ஒரு படம், மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. காட்டோ எஞ்சின்களில் பெரும்பாலும் மேல்கூட்டுக்கு ஸ்க்ரூ கிடையாது, உள்ளே சின்னக் கொக்கிகள் பிடித்திருக்கும். கத்தியை விட்டு நெம்பினால் பெயிண்டில் வெட்டு விழும். பழைய டாப்-அப் கார்டை நீளவாக்கில் நான்கு துண்டாக வெட்டி, கூட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு இரண்டாகச் செருகு. கார்டு உள்ளே இறங்க இறங்க கொக்கி தானாக விலகும். அப்புறம் சேசிஸைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தால் சத்தமில்லாமல் கழன்று வரும். வரவில்லை என்றால் இன்னும் எங்கோ ஒரு கொக்கி பிடித்திருக்கிறது, பலத்தைக் கூட்டாதே, கார்டை நகர்த்து.

உள்ளே பார்த்தால் நடுவில் மோட்டார், அதன் இரண்டு பக்கமும் பித்தளை நிறத்தில் ஃபிளைவீல் என்ற கனமான உருளை, அதிலிருந்து இரண்டு போகிகளுக்கும், அதாவது முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதிகளுக்கும், போகும் அச்சு. இப்போது ஃபிளைவீலை விரல் நுனியால் மெதுவாகச் சுற்று. சுலபமாகச் சுற்றினால், சக்கரங்களும் கூடவே சுற்றினால், கோளாறு கரண்ட் பக்கம். இறுகியிருந்தால் கோளாறு பல்சக்கரங்களின் பக்கம், பெரும்பாலும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருக்கும். பெட்டியிலேயே வருடக்கணக்கில் கிடந்த எஞ்சின்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், மஞ்சளாக, பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு. பல் குச்சியை ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமையான வேலை, அவசரப்படுகிறவனுக்கு இது சரிவராது.

இறுக்கம் இல்லை என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர். மோட்டாரின் இரண்டு முனையிலும் நேராகத் தொட்டுப் பார். சுற்றினால் மோட்டார் நல்லது, சேசிஸுக்கும் மோட்டாருக்கும் நடுவில் தொடர்பு விட்டிருக்கிறது. அங்கே இருக்கும் சின்னத் தகடு கறுத்திருக்கும் அல்லது வளைந்திருக்கும். சுற்றவில்லை, ஆனால் ஃபிளைவீலை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் கம்யூட்டேட்டர் அழுக்கு. பிரஷ் தேய்ந்து விழும் கரித்தூள் அதன் பிரிவுகளுக்கு நடுவில் உள்ள கோடுகளில் அடைந்திருக்கும். பல் குச்சியின் கூர்முனையால் அந்தக் கோடுகளைச் சுத்தம் செய், ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மேற்பரப்பைத் துடை. மணல் தாள் மட்டும் கூடவே கூடாது. அது போடும் கீறல்களில் அடுத்த மாதமே இன்னும் அதிகமாகக் கரி பிடிக்கும், பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

மோட்டாரை வெளியே எடுப்பதாக இருந்தால் அதன் மேல் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு எடு. தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் எதிர்ப்பக்கமாக ஓடும். வலது பக்கத் தண்டவாளம் பாசிட்டிவாக இருந்தால் எஞ்சின் முன்னால் போக வேண்டும் என்பது பொது விதி, அது மாறிவிட்டால் வேறு எஞ்சினோடு சேர்த்து ஓட்டும்போது ஒன்றை ஒன்று இழுக்கும். இன்னொன்று, இந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றில் சேசிஸே இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக இருக்கும், ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தோடு சேர்ந்தது. இரண்டையும் பிரித்து வைப்பது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள். அதில் ஒன்றை மறந்துவிட்டு ஸ்க்ரூவை முறுக்கினால் ஷார்ட் ஆகும். முட்டை அட்டையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தால் கரண்ட் கொடுக்காதே, படத்தைப் பார்த்து அது எங்கே போகிறது என்று கண்டுபிடி.

பிரித்த அன்றே திரும்பச் சேர்த்துவிடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்த பாகம்தான் தொலையும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், படம் எடுக்கும் வேலையை அவரிடம் கொடு.

கேள்வி: என் மகனுக்கும் மகளுக்கும் இந்தப் பழக்கம் வரட்டும் என்று பார்க்கிறேன். என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, அதை ஊற்றலாமா? மாமியார் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார்.
– வாசகி, கோலகங்சார்

பதில்: அக்கா, எண்ணெயை முதலில் பேசிவிடுவோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரும்புக்கு நல்லது, பிளாஸ்டிக்கில் சில வகை அதில் வெடிப்பு விடும், எது எந்த வகை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கைப் பாதிக்காது என்று எழுதியிருக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சின்னக் குப்பி வாங்கிவிட்டால் வருடக்கணக்கில் வரும். ஏனென்றால் ஊற்றவே கூடாது. ஊசி முனையில் ஒரு பொட்டு, அது மோட்டார் அச்சு தாங்கியில் நுழையும் இடத்துக்கு மட்டும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் பட்டால் கரித்தூளோடு குழைந்து எஞ்சினை நிறுத்திவிடும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா எல்லா வீட்டிலும் இருக்கும், அதையும் இதில் அடிக்காதீர்கள். பல்சக்கரத்துக்கு எண்ணெய் அல்ல, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸ், அதுவும் ஒரு பல்லில் தடவினால் சுற்றும்போது மற்ற பற்களுக்குத் தானே பரவும் அளவுக்கு.

சாமான் என்று பார்த்தால் அதிகம் இல்லை. 0, 00 அளவு ஸ்க்ரூ டிரைவர், கூர்மையான இடுக்கி, பல் குச்சி, பஞ்சுக் குச்சி, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர், நல்ல வெளிச்சம். ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பான் எஞ்சின்களின் ஸ்க்ரூ, நாம் பிலிப்ஸ் என்று சொல்லும் நட்சத்திர வடிவம் மாதிரி தெரியும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரம், குழியின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தினால் வழுக்கும், வழுக்க வழுக்கத் தலை வட்டமாகிவிடும், அப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழற்றுவதே தனி வேலை. ஜேஐஎஸ் முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் ஓரளவு நன்றாக உட்காரும், அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள்.

பிரஷ்ஷைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் கண் இமைக்கும் நேரத்தில் பறந்துவிடும். பெரிய தெளிவான பிளாஸ்டிக் பையை எடுத்து, கையையும் மோட்டாரையும் உள்ளே விட்டுக் கழற்றச் சொல்லுங்கள், பறந்தாலும் பைக்குள்தான் விழும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரையில் உட்கார்ந்து இந்த வேலை செய்யவே கூடாது.

முதலில் பிரிக்கப் பழகுவதற்கு நல்ல எஞ்சினை எடுக்காதீர்கள். ஓடாது என்று எழுதி மலிவாக விற்கும் பழையது ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதில் பயம் இருக்காது, ஒருவேளை அதுவே ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிள்ளைகளை அப்புறம் பிடிக்க முடியாது. மகனுக்கு எஞ்சின், மகளுக்குப் பெட்டி துடைக்கிற வேலை என்று பிரித்துவிட வேண்டாம், இரண்டு பேருக்கும் ஸ்க்ரூ டிரைவர் போகட்டும்.

கேள்வி: தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய கன்ட்ரோலர் ஒன்று, ஜப்பானிலிருந்து வந்தது, வாங்கி, டிராவல் அடாப்டர் போட்டு வீட்டு பிளக்கில் சொருகினேன். ஒரு நிமிடம் ஓடியது, பிறகு கருகிய வாடை, இப்போது ஒன்றுமே இல்லை. பழுது பார்க்க முடியுமா?
– வாசகர், தைப்பிங்

பதில்: மலாயாவின் முதல் ரயில் 1885இல் உங்கள் ஊரிலிருந்துதான் போர்ட் வெல்டுக்குக் கிளம்பியது, அந்த ஊரிலிருந்து வந்த கடிதத்துக்கு நல்ல சேதி சொல்ல ஆசைதான், ஆனால் முடியவில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 230இலிருந்து 240. டிராவல் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது. உள்ளே இருக்கும் மின்மாற்றி அந்தச் சூட்டில் கருகியிருக்கும். அதைத் திறந்து பழுது பார்க்கப் போகாதீர்கள், 12 வோல்ட் பக்கம் நாம் விளையாடலாம், சுவர் பிளக் பக்கம் கை வைப்பது உரிமம் பெற்றவர்களின் வேலை.

இனிமேல் எந்த ஜப்பான் சாமான் வாங்கினாலும் அடாப்டரின் பின்பக்கத்தில் இன்புட் என்ற இடத்தைப் பாருங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் கவலையில்லை. வெறும் 100 என்று இருந்தால் நடுவில் 240ஐ 100ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும், இந்த மாதிரி சின்ன கன்ட்ரோலருக்கு 50 வாட் தாங்கினால் போதும். எஞ்சின் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன 9 வோல்ட் பேட்டரி சோதனையைச் செய்து பாருங்கள். விற்கும் கடைக்காரர்களும் இதை வாங்குகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெட்டியில் ஜப்பான் எழுத்தில் இருப்பதை யார் படிப்பது?

கேள்வி: நான் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முன்பு துரை பங்களாவில் சமையல் செய்த என் பெரியப்பாவுக்கு, துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு ஹார்ன்பி டப்லோ நீராவி எஞ்சின் மாடல் இப்போது என்னிடம் இருக்கிறது. பேரனின் புதிய தண்டவாளத்தில் வைத்ததும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு வந்து எல்லாம் நின்றுவிட்டது. பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், பத்து காஜா

பதில்: ஐயா, பெரிய எஞ்சினைப் பிரித்த கைக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது, இந்தக் குட்டிக்கே உரிய சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். டப்லோ 1938இல் வந்தது, லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்தது. 1959இல் இரண்டு தண்டவாள வகை வரும்வரை அவை மூன்று தண்டவாள எஞ்சின்கள், நடுத் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுத்து இரண்டு பக்கச் சக்கரங்கள் வழியாகவும் திருப்பும். அதாவது இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தே இருக்கும். அதைப் பேரனின் இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் நேரான ஷார்ட். எஞ்சினைத் திருப்பிப் பாருங்கள், வயிற்றில் நடுவில் ஒரு தகடு தொங்கினால் இதுதான் காரணம், எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியின் ஒரு வயரை அந்தத் தகட்டிலும் மற்றதைச் சக்கரத்திலும் தொட்டால் தெரிந்துவிடும்.

மோட்டாரைப் பிரிப்பதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். இப்போதைய மோட்டார்களில் உள்ள காந்தம் இப்படிப் பிரிப்பதைத் தாங்கும். அந்தக் காலத்து அல்நிகோ காந்தம் அப்படி இல்லை, நடுவில் சுற்றும் ஆர்மேச்சரை உருவி எடுத்ததுமே பலத்தை இழக்க ஆரம்பிக்கும். திரும்பச் சேர்த்தால் எஞ்சின் சோர்ந்து ஓடும், அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும், சேர்த்ததில் என்ன பிழை என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதனால் ஆர்மேச்சரை எடுக்காமலேயே கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், முடியும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்கும் அதே நேரத்தில் காந்தத்தின் இரண்டு முனைகளையும் இணைக்கும்படி ஒரு இரும்புத் துண்டைச் சாத்திவிட வேண்டும்.

சக்கரங்களை அச்சிலிருந்து இழுக்க வேண்டாம். இடப்பக்க கிராங்கும் (சக்கரத்தில் கம்பி மாட்டும் முனை) வலப்பக்க கிராங்கும் 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை, இங்கேயும் அதேதான், ஒரு டிகிரி இரண்டு டிகிரி மாறினாலே சக்கரங்களை இணைக்கும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி நொண்டும். வார்ப்பு பாகங்களையும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இருந்த வார்ப்புகள் காலம் போகப் போக உப்பி, மெல்லிய வெடிப்பு விட்டு, தொட்டால் உதிரும். அந்த வெடிப்பு இருந்தால் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள், மாற்றுப் பாகம் கிடைக்கும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது. பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, பெரியப்பா கைபட்ட பெயிண்ட் அது.

கேள்வி: எஞ்சின் தனியாக ஓடுகிறது, நான்கு பெட்டி மாட்டினால் சக்கரம் அங்கேயே சுற்றுகிறது. இரண்டு சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையம் பிசுபிசு என்று இருக்கிறது.
– கல்லூரி மாணவி, குளுவாங்

பதில்: பிசுபிசு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தங்கச்சி, அந்த வளையம்தான். தண்டவாளத்தைப் பிடித்து இழுப்பதற்காக ஒன்றிரண்டு சக்கரங்களில் மட்டும் போட்டிருப்பார்கள். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் தளர்ந்து விடும், யாராவது எண்ணெய் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் ரப்பரையும் எண்ணெயையும் சேர்க்காதே என்று சொல்ல வேண்டியதில்லை, ஊறி உப்பிவிடும். பழைய வளையத்தை ஊசியால் தூக்கி எடுத்து, சக்கரத்தின் பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்து, அதே கம்பெனி அதே எஞ்சினுக்கு விற்கும் வளையத்தையே போடுங்கள். அளவு கொஞ்சம் மாறினாலும் எஞ்சின் தள்ளாடும். மாட்டும்போது முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், ஒட்டுப் பசை தேவையில்லை. ரப்பர் போட்ட சக்கரம் கரண்ட் எடுக்காது, அதனால் மற்ற சக்கரங்கள் கூடுதல் சுத்தமாக இருக்க வேண்டும்.

எஞ்சினை வைக்கும் பெட்டியில் மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். பழைய பெட்டியில் பஞ்சு மாதிரியான ஸ்பாஞ்சு இருந்தால் எடுத்துவிடுங்கள், நம் ஈரத்தில் அது கரைந்து பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: டிசிசி டிகோடர் போட்ட உடனேயே எரிந்துவிட்டது. டிகோடர் கெட்டதா, நான் மாட்டியது தப்பா?
– வாசகர், சிரம்பான்

பதில்: டிசிசி என்பது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை, அதைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்தான் டிகோடர். இதில் தண்டவாளத்தின் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகக் கூடாது, டிகோடர் வழியாக மட்டும்தான் போக வேண்டும். பழைய எஞ்சினில் மோட்டாரின் பிரஷ் சேசிஸை எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் டிகோடர் அந்த நொடியே போய்விடும். அடுத்ததை மாட்டுவதற்கு முன் டிகோடர் இல்லாமல் மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் சோதியுங்கள். நான்கு சோதனையிலும் தொடர்பே இருக்கக் கூடாது. ஒன்றில் பீப் என்று சத்தம் வந்தாலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்து கரண்ட் தாண்டாதபடி மறைக்கும்வரை டிகோடரைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றி வர குட்டி ரயில் ஓடுகிறது. அப்பா அதில் ஓட்டுநர். அந்த எஞ்சினையே மாடலாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. பாதையின் அகலம் அளந்தேன், 70 சென்டிமீட்டர். இதற்கு எந்த ஸ்கேல்? கடையில் இப்படி எஞ்சின் கிடைக்குமா?
– வாசகர், பாகான் டத்தோ

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் சுருக்கிக்கொண்டு இதற்கு இடம் ஒதுக்கினேன். நாட்டின் பெரிய ரயில் ஓடும் கேடிஎம் பாதை 1 மீட்டர் அகலம், அதன் மாடலைச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. தோட்டத்து ரயிலைச் செய்ய நினைப்பவர் அபூர்வம். அது நம் ஆட்கள் போட்ட பாதை, நம் ஆட்கள் ஓட்டிய எஞ்சின், பல தோட்டங்களில் லாரியும் டிராக்டரும் வந்து அதைத் தூக்கிவிட்டன.

கணக்கு சுலபம். 'என்' ஸ்கேல் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர், அதுதான் எங்கேயும் கிடைக்கும், மலிவு. அதே 9 மில்லிமீட்டர் பாதையின் மேல் 76இல் ஒரு பங்கு அளவில் எஞ்சினைச் செய்தால் 9 பெருக்கல் 76, அதாவது 684 மில்லிமீட்டர் பாதையாகிவிடும். உங்கள் 700க்கு ஏறத்தாழ சரி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உலகத்தில் குறுகிய பாதை ரயில் செய்கிறவர்கள் இதை ஓஓ-9 என்பார்கள். 76 என்பது ஹார்ன்பி ஓஓ ஸ்கேலின் அளவு, அதனால் பொம்மை மனிதர்கள், மரங்கள், லாரி எல்லாம் அந்த அளவில் தனியாக வாங்கலாம்.

அந்த எஞ்சினே கடையில் கிடைக்கும் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'என்' ஸ்கேலில் வரும் குட்டி டிராம் அல்லது பெட்டிகளை இடம் மாற்றும் ஷன்டிங் எஞ்சினின் சேசிஸை எடுத்து, மேல்கூட்டை மட்டும் நீங்களே செய்துவிடலாம், பிளாஸ்டிக் அட்டையிலும் செய்யலாம், 3டி பிரிண்டிலும் செய்யலாம். ஆனால் மேல்கூட்டைத் தொடுவதற்கு முன் அந்த சேசிஸைப் பிரித்து, சுத்தம் செய்து, மிகக் குறைந்த வேகத்தில் நிற்காமல் ஊர்ந்து போகும்படி பண்ணிவிடுங்கள். நான்கு சக்கரக் குட்டி எஞ்சினுக்குக் கரண்ட் எடுக்கும் இடம் குறைவு, தண்டவாளப் பிரிவுகளில் சட்டென்று நின்றுவிடும். நான்கு சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், கொஞ்சம் எடையும் ஏற்றுங்கள். அழகான கூட்டைச் செய்து முடித்துவிட்டு ஓடாத சேசிஸ் மேல் உட்கார வைத்தால் அப்புறம் கூட்டை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

அப்பா வேலையில் இருக்கும்போதே எஞ்சினை அளந்துவிடுங்கள். மொத்த நீளம், அகலம், தண்டவாளத்திலிருந்து கூரை வரை உயரம், சக்கரத்தின் விட்டம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். எல்லாவற்றையும் 76ஆல் வகுக்க வேண்டும். நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள், கோணலாக எடுத்த படம் அளவுக்கு உதவாது. ஓட்டுநர் உட்காரும் இடம், பிரேக் சக்கரம், குலை ஏற்றும் பெட்டியின் கொக்கி, இதையெல்லாம் தனித்தனியாக எடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அளவுகளை எழுதி எனக்கு அனுப்பினால் எந்த சேசிஸ் பொருந்தும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள தூரம் மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இருக்கட்டும்.